இலங்கையில் மலேரியா ஒழிப்பு

உள்நாட்டில் மலேரியா தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில் கண்டறியப்பட்டார். 2016 செப்டம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு எனச் சான்றளித்தது. 2023இல் உலகெங்கும் ஏறத்தாழ 26.3 கோடிப் பேரைப் பிடித்து, 5,97,000 உயிர்களைக் கொண்டுபோன நோய் இது. இறந்தவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆப்பிரிக்கப் பிராந்தியத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

இலங்கையில் இந்நோயைப் பரப்பி வந்த முதன்மை நுளம்பு அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ். ஆறு நிறைந்தோடினால் அதன் புழுக்கள் அடித்துச் செல்லப்படும். 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தபோது ஆறுகள் வற்றி, மணலில் குட்டை குட்டையாக நீர் தேங்கியது; அவற்றில் நுளம்பு பெருகியது. உலர்வலயத்து மக்களுக்கு ஆண்டுதோறும் காய்ச்சல் கண்டு ஓரளவு எதிர்ப்பு இருந்தது. கேகாலை, குருநாகல் பகுதி மக்களுக்கு அது குறைவு. போதாததற்குப் பசியும் சேர்ந்துகொண்டது. சில மாதங்களுக்குள் சுமார் 80,000 பேர் மாண்டனர். இடதுசாரிகளின் சூரியமல் இயக்கத் தொண்டர்கள் மருந்தோடு பருப்பும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர்களுள் ஒருவரான என். எம். பெரேராவுக்குப் ‘பருப்பு மாத்தையா’ (பருப்பு ஐயா) என்ற பெயர் வந்தது அப்படித்தான். வெறும் வயிற்றில் மருந்து மட்டும் போதாது என்பதை அவர்கள் சரியாகவே உணர்ந்திருந்தார்கள்.

1940களின் பிற்பாதியில் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கத் தொடங்கினர். 1963இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளிகள் 17 பேர் மட்டுமே. அந்த எண் எல்லோரையும் ஏமாற்றிவிட்டது. தெளிப்பு நின்றது, காய்ச்சல்காரரைத் தேடிப் போவதும் தளர்ந்தது. 1969இல் நோயாளிகள் ஐந்து இலட்சத்தைத் தாண்டினார்கள். மலேரியா ஒழிப்பு வரலாற்றில் இத்தனை துயரமான ஆறு ஆண்டுகள் அதிகமில்லை.

1999இலும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அதன்பிறகு மருந்தூட்டிய நுளம்பு வலைகள், பூச்சிமருந்தை மாற்றி மாற்றித் தெளித்தல், நடமாடும் மருத்துவமனைகள், காய்ச்சலென்று வந்தவரின் இரத்தப் பரிசோதனை ஆகியவை சேர்ந்து நோயை ஒடுக்கின. உள்நாட்டுப் போர் நடந்த வடக்கு, கிழக்கிலும் இப்பணி அறவே நின்றுவிடவில்லை. அங்கு பணியாற்றிய சுகாதார ஊழியர்களுக்கு இவ்வெற்றியில் பெரும்பங்கு உண்டு.

வெளிநாட்டிலிருந்து நோயோடு வருவோர் இப்போதும் ஆண்டுதோறும் கண்டறியப்படுகிறார்கள். மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணிகளுள் ஒன்றான வைவாக்ஸ் கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கக்கூடியது. அதனால் காய்ச்சல் இறங்கிய பின்னும் அதை அழிக்கும் பிரைமாகுயின் மாத்திரையைக் குறித்த நாள்வரை விடாமல் விழுங்கவேண்டும். சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்பும், கிணறுகளிலும் பெருகும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு 2016 இறுதியில் மன்னாரில் தென்பட்டது. ஆற்றுக்குட்டைக்குப் பழகிய கண்காணிப்பு அன்றுமுதல் வீட்டுக் கிணறுகளையும் எட்டிப் பார்க்கவேண்டியதாயிற்று.