மாசு, நஞ்சு, இடர்: சுற்றுச்சூழல் சட்டச் சொற்களின் வரலாறு

மாசு என்பது பழந்தமிழ்ச் சொல். சங்கப் பாடல்களில் உடையில் படியும் அழுக்கையும், திருக்குறளில் மனத்தின் குற்றத்தையும் அது சுட்டுகின்றது. இரு வழக்கிலும் மாசு என்பது தூயதன்மேல் படிவது; முயன்றால் நீக்கத்தக்கது. நீர்மாசுத் தடுப்புச் சட்டம் 1974இலும் காற்றுமாசுத் தடுப்புச் சட்டம் 1981இலும் இயற்றப்பட்டன. இத்துறையின் ஆட்சிவழக்கில் இந்தியில் பிரதூஷண், தெலுங்கில் காலுஷ்யம், கன்னடத்தில் மாலின்யம், மலையாளத்தில் மலினீகரணம் என்பன நிலைபெற்றன. தமிழ் தன் பழஞ்சொல்லையே மேற்கொண்டது. அழுக்கு, கலங்கல், கேடு என்னும் கருத்துகளே இச்சொற்கள் அனைத்திற்கும் அடிப்படை.

அக்கருத்துகளின் எல்லையைப் போபால் புலப்படுத்தியது. 1984 டிசம்பர் 2, 3 ஆகிய நாள்களின் இடைப்பட்ட இரவில், பூச்சிக்கொல்லி ஆலையொன்றின் கொள்கலத்தில் நீர் புகுந்து வினை மூண்டதால் மெத்தில் ஐசோசயனேட் வெளியேறி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கொள்கலத்தினுள் இருந்தவரை அப்பொருள் எதையும் மாசுபடுத்தவில்லை. எனினும் பேரழிவு அதனுள் அடங்கியிருந்தது. தமிழ் நாளேடுகள் அதனை விஷவாயு என்றன. அச்சொல் விளைவைக் கூறிற்று. வைத்திருந்த முறையின் பிழையைக் கூறவில்லை.

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இவ்வேறுபாட்டை வரையறுத்தது. கேடு விளைக்கும் செறிவில் சூழலில் காணப்படும் பொருள் மாசுப்பொருள். தன் வேதியியல் இயல்பாலோ கையாளப்படும் முறையாலோ தீங்கு விளைக்கக்கூடியது மற்றொரு வகை. முன்னதற்கு அளவு அடிப்படை. பின்னதற்கு இயல்பும் கையாளுதலும் அடிப்படை. இப்பின்னதைத் தமிழில் நச்சுப்பொருள், அபாயகரமான பொருள், தீங்கு பயக்கும் பொருள் எனப் பலவாறு வழங்குகின்றோம். இவற்றுள் நச்சுப்பொருள் என்பது பொருந்தாது. சமையல் எரிவாயு நஞ்சன்று. ஆயினும் கையாளுதல் பிழைத்தால் உயிரைப் பறிக்கும்.

இதனினும் கவலைக்குரியது மருந்து என்னும் வழக்கு. 1958இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த உணவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்ததன் பின்னணியில் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. அதன்கீழ் 1971இல் அமைந்த விதிகள், நச்சுத்தன்மையின் அளவுக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்னும் நிறக்குறிகளைப் புட்டியின்மேல் இடச் செய்தன. புட்டி நஞ்சு என எச்சரிக்க, உழவர் வழக்கோ அதனைப் பூச்சிமருந்து என்றது. இந்தியிலும் அது தவாவே. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் பல்லாண்டுகள் வான்வழி தெளிக்கப்பட்ட எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011இல் தடைசெய்தது. காப்பதைக் குறிக்கும் சொல் கொல்வதன்மேல் ஏறும்போது, கையுறையும் முகமூடியும் வேண்டாதனவாகத் தோன்றுதல் இயல்பே.

எனவே மூன்று கருத்துகளுக்கும் மூன்று சொற்களை வரையறுத்து வழங்குதல் தகும். செறிவால் கெடுப்பது மாசு. உயிருடலுள் புகுந்து கெடுப்பது நஞ்சு. இயல்பாலும் கையாளும் முறையாலும் கேட்டிற்கு இடமாவது இடர்ப்பொருள். ஒரு பொருள் மூன்று வகையிலும் அடங்கலாம். அதனால் சொற்கள் ஒன்றாகிவிடா. ஆலை வாயிலின் அறிவிப்புப் பலகையைப் படிக்கும் தொழிலாளி தமிழை மட்டுமே அறிந்தவராக இருக்கலாம். அவர் எதற்கு அஞ்சவேண்டும், எவ்வாறு தன்னைக் காத்துக்கொள்ளவேண்டும் என்பதை அப்பலகையின் சொல்லே உணர்த்தியாக வேண்டும். கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் முதற்கண் கருதவேண்டியது அவரையே எனலாம்.