கப்பல் போகாத துறைமுகம்

மத்தியதரைக் கடல் க்ரூஸ் அட்டவணைகளில் துருக்கிக்கு ஒதுக்கிய நாளுக்கு எதிரே பெரும்பாலும் "குஷாதாசி - எபேசஸ்" என்று போட்டிருக்கும். நடுவில் இருக்கிற அந்தச் சின்னக் கோட்டின் நீளம் கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர். கப்பல் குஷாதாசியோடு நின்றுவிடும், மிச்சத்துக்கு பஸ்தான். ரோமானியர்களின் ஆசிய மாகாணத்துக்கே தலைநகராக இருந்த துறைமுக நகரத்துக்கு ஏன் கப்பலில் போக முடியவில்லை? குடும்பத்தோடு போய்வந்த பிறகு கொஞ்ச நாள் இதையேதான் படித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சுற்றுலாக்காரர்கள் நடக்கும் வழியைச் சொல்லிவிடுகிறேன். பஸ் மேல் வாசலில் இறக்கிவிடும். சரிவிலேயே இறங்கி வந்தால் ஹேட்ரியன் கோயில், பிறகு செல்சஸ் நூலகம், கடைசியில் 25,000 பேர் உட்காரக்கூடிய பெரிய அரங்கம். நம்மூரில் பைபிள் படித்தவர்களுக்கு இது 'எபேசு'. பவுலுக்கு எதிராக வெள்ளித் தட்டான்கள் கிளப்பிய கலகம் நடந்தது இந்த அரங்கில்தான். நூலகத்தின் முன் போட்டோ எடுக்காத ஆளே கிடையாது. இடிந்து கிடந்த அந்த முகப்பை ஆஸ்திரியத் தொல்லியலாளர்கள் 1970களில் மறுபடி நிறுத்தினார்கள் என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன். அரங்கம் முடிந்ததும் கீழ் வாசல், பஸ், கூடவே ஒரு கம்பளக் கடை.

ஆனால் பழங்காலத்தில் கடல்வழியாக வந்த வணிகர் இதற்கு நேரெதிராக, துறைமுகத்திலிருந்து மேலே ஏறித்தான் ஊருக்குள் நுழைந்திருப்பார். நாம் கொல்லைப்புறமாக உள்ளே போய், தலைவாசலைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறோம்.

அந்தத் தலைவாசல் துறைமுகத் தெரு. அரங்கத்திலிருந்து நேராகப் போகும் சலவைக்கல் தெரு, அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம், 11 மீட்டர் அகலம், இருபுறமும் தூண்கள். 400ஆம் ஆண்டையொட்டிப் பேரரசர் ஆர்க்காடியஸ் பெயரில் புதுப்பித்திருக்கிறார்கள். இரவில் விளக்கு எரிந்ததற்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. இத்தனை ஆடம்பரமான தெரு போய் முடிகிற இடத்தில் இன்று நாணல் புதர். கடல் அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

இந்த வேலையைச் செய்தது கேய்ஸ்டர் நதி, இன்றைய பெயர் குச்சுக் மெண்டெரஸ். மழைக்கு மழை வண்டலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தில் கொட்டியது. எபேசஸின் வரலாற்றை இந்த வண்டலோடு நடந்த சண்டையாகவே எழுதிவிடலாம்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லைசிமாக்கஸ் மன்னன் ஊரையே இடம் மாற்றினான். மக்கள் நகர மறுத்தார்கள். நல்ல மழை நாளாகப் பார்த்து சாக்கடைகளை அடைத்துவிட்டான், வீடுகளில் தண்ணீர் புகுந்தது, எல்லோரும் தாங்களாகவே மூட்டை கட்டினார்கள் என்கிறார் ஸ்ட்ராபோ. புது ஊருக்குத் தன் மனைவி அர்சினோவின் பெயரையும் வைத்துப் பார்த்தான். அது ஒட்டவில்லை.

அடுத்து அட்டாலஸ். பெர்கமோன் மன்னன், கி.மு. 159 முதல் 138 வரை ஆண்டவன். துறைமுகம் ஆழமில்லாமல் போகிறதே என்று அவனும் அவனுடைய கட்டுமானக்காரர்களும் யோசித்தார்கள். வாயைக் குறுக்கினால் உள்ளே ஆழம் கூடும் என்று கணக்குப் போட்டு ஒரு கல்கட்டு கட்டினார்கள். நடந்தது நேரெதிர். அதுவரை கடல் ஏறி இறங்கும்போது கொஞ்சம் வண்டலையாவது வெளியே இழுத்துப் போயிருந்தது. இப்போது அது போக வழியில்லாமல் உள்ளேயே படிந்தது. இதையும் சொல்வது ஸ்ட்ராபோதான். சாஃப்ட்வேர் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. ஒரு பக்கைச் சரிசெய்யப் போட்ட பேட்ச் சிஸ்டத்தையே அடைத்துக்கொள்ளும். ஆனால் நமக்கு ரோல்பேக் என்று ஒன்று இருக்கிறது, கல்கட்டுக்கு அது கிடையாது.

நீரோ காலத்தில் பாரியா சொரானஸ் என்ற ஆளுநர் துறைமுகத்தைத் திறந்துவிடப் பாடுபட்டார். அந்தச் சுறுசுறுப்பே நீரோவுக்கு எரிச்சலைக் கூட்டியது என்று டாசிடஸ் எழுதுகிறார். 66இல் அவருக்கு மரண தண்டனை. 129இல் ஹேட்ரியன் நதியையே திருப்பிவிட்டதற்கு ஊரார் நன்றி சொல்லும் கல்வெட்டு கிடைத்திருக்கிறது.

எனக்குப் பிடித்தது இவ்வளவு பெரிய சமாச்சாரம் இல்லை. 2ஆம் நூற்றாண்டின் நடுவில் அன்டோனியஸ் ஆல்பஸ் என்ற ஆளுநர் போட்ட ஓர் உத்தரவு. துறைமுகக் கரையில் மரம் அடுக்காதே, அங்கே கல் அறுக்காதே, மரத்தின் பாரம் தூண்களைக் கெடுக்கிறது, அறுக்கிற தூள் தண்ணீரில் விழுந்து ஆழத்தைத் தூர்க்கிறது என்று சாரம். அதாவது, ஊரை அழகாக்க வந்த சலவைக்கல்லும் துறைமுகத்தை மூடிக்கொண்டிருந்தது! 'இங்கே குப்பை கொட்டாதீர்' போர்டின் மூதாதை.

எபேசஸ் ஏன் அழிந்தது என்று கேட்டால் 262இல் வந்த கோத்தியர் படையெடுப்பைச் சட்டென்று கைகாட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. துறைமுகத் தெருவைப் புதுப்பித்தது அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து. 431இல் கிறிஸ்தவத் திருச்சபையின் பொதுச்சங்கமே இங்கே, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த மரியாள் ஆலயத்தில் கூடியது. பல திசைகளிலிருந்தும் ஆயர்கள் வந்து சேர்ந்த ஊரைச் செத்துப்போன ஊர் என்று எப்படிச் சொல்வது? எதிரி வந்து இடித்தால் திருப்பிக் கட்டலாம், கட்டினார்கள். கப்பல் வராவிட்டால் கட்டுவதற்குக் காசு எங்கிருந்து வரும்? மெல்ல மெல்ல ஊர் அயாசுலுக் குன்றுப் பக்கம் நகர்ந்தது. பிற்காலத்தில் கடல் வணிகம் தெற்கே இன்னொரு துறைக்குப் போனது. இத்தாலிய வணிகர்கள் அதை ஸ்காலா நுவோவா என்றார்கள், புதிய துறை என்று அர்த்தம். அதுதான் குஷாதாசி.

நமக்கு இது தெரிந்த கதைதான். தாமிரபரணி வண்டலில் கொற்கை கடலைவிட்டு உள்ளே போனது, வணிகம் காயலுக்கு நகர்ந்தது, அப்புறம் தூத்துக்குடி. கொற்கையில் நிற்கச் சலவைக்கல் தூண் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

போகிறவர்களுக்கு ஒன்று: கைடு கம்பளக் கடைக்கு ஒதுக்கியிருக்கும் நேரத்தில் பத்து நிமிஷம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அரங்கத்தின் படிகளில் முடிந்தவரை மேலே ஏறி, மேற்கே பாருங்கள். தெரு முடியும் இடத்தில் சுற்றிலும் இருக்கும் வயல்களிலிருந்து வேறுபட்ட பச்சையில் ஒரு சதுப்புத் திட்டு தெரியும். துறைமுகம் அதுதான்.