ஊவாத் தோட்டங்களில் தொழிலும் தொழிலாளரும்

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வீதியில் வைகறைப் பொழுதிற் பயணஞ் செய்வோர் இரு வேறு காட்சிகளைக் காண்பர். ஒருபுறம் கொழுந்துப் பையைத் தலையில் மாட்டிய பெண்கள் பெரட்டுக் களத்தை நோக்கி மலையேறுவர். மறுபுறம் பயணப் பையுடன் இளைஞர்கள் பேருந்துக்காகக் காத்து நிற்பர். இருசாராரும் ஒரே லயத்திலிருந்து புறப்பட்டவர்களே. தாய் ஏறும் மலையை மகன் ஏன் நாடவில்லை? இம்மலைகளிலே தொழில் வளர்ந்த வரலாற்றை அறிந்தாலன்றி இவ்வினாவிற்கு விடை கூறல் அரிது.

ஊவாவின் பெருந்தோட்டத் தொழில் கோப்பியோடு தொடங்கியது. கோப்பிப் பழம் பறிக்கும் காலம் ஆண்டிற் சில மாதங்களே. எனவே தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரோடு வந்த கூலியாட்களிற் பலர் பறிப்பு முடிந்ததும் தம் ஊருக்கே மீண்டனர். 1869 ஆம் ஆண்டிற் கோப்பி இலையிற் பற்றிய ஒருவகைப் பூஞ்சண நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அத்தொழிலை அடியோடு வீழ்த்திற்று. ஒரே பயிரை நம்பிய நாட்டிற்கு அது முதற் பாடமாயிற்று.

கோப்பி வீழ்ந்த நிலத்திலே தேயிலை தளிர்த்தது. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் கண்டிப் பகுதியின் லூல்கந்துரையில் ஆரம்பித்த பயிர்ச்செய்கை பின்னர் ஊவா மலைகளுக்கும் பரவியது. 1890 இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னையில் தொழிற்சாலை அமைத்தார். ஆடி தொடங்கிப் புரட்டாதி வரை வீசும் வறண்ட காற்றினால் இப்பகுதித் தேயிலைக்குத் தனிமணம் வாய்க்கிறது. ஊவாத் தேயிலை உலகச் சந்தையிற் பெயர்பெற்றமைக்கு அதுவே காரணமாகும்.

தேயிலை கோப்பியைப் போன்றதன்று. ஏறக்குறைய வாரத்திற்கு ஒருமுறை, ஆண்டு முழுவதும் கொழுந்து எடுத்தல் வேண்டும். ஆகவே வந்து மீளும் ஆட்கள் போதாராயினர். குடும்பங்களே குடியேற நேர்ந்தது. கொழுந்தெடுப்பு பெண்களின் வேலையாயிற்று. கவ்வாத்து வெட்டுதல், கான் வெட்டுதல், முள்ளுக் குத்துதல் ஆகியவை ஆண்களின் வேலைகளாயின. தொழிற்சாலையில் இலையை வாட்டவும், அரைக்கவும், உலர்த்தவும், சலித்துத் தரம் பிரிக்கவும் வேறு ஆட்கள் வேண்டப்பட்டனர். இவர்களுக்கு மேலே கங்காணி, கணக்கப்பிள்ளை, தேயிலை தயாரிப்பாளர், துரை என்று ஓர் ஏணி எழுந்தது. ஆயினும் அவ்வேணியின் அடிப்படியில் நின்றவரின் பிள்ளைகளுக்கு மேற்படிகள் எளிதில் எட்டவில்லை.

புகையிரதப் பாதை 1894 இற் பண்டாரவளையையும் 1924 இற் பதுளையையும் அடைந்தது. பசறை, லுணுகலை முதலிய இடங்களிற் கடைவீதிகள் பெருகின. வண்டிக்காரர், வணிகர், தச்சர், தையற்காரர் எனப் பலரும் தோட்டத்தை அண்டிப் பிழைத்தனர். ஒரு தொழில் நூறு தொழில்களுக்குத் தாயாகும் என்பதற்கு இது சான்றாகும். தாய் நோயுற்றால் பிள்ளைகளும் வாடுவர் என்பதும் இதனுள் அடங்கிய உண்மையே.

இத்தொழிலின் தனித்தன்மை யாதெனில், இங்கே வேலையும் வீடும் ஒரே முடிச்சிற் கட்டப்பட்டிருந்தன. லயத்து அறை தோட்டத்திற்கு உரியது. பேர் பதிந்து வேலை செய்வோருக்கே அதில் இடம். தொழிலாளியின் கடனை எழுதிய 'துண்டு' என்ற சீட்டு அவரைத் தோட்டத்தோடு பிணைத்தது. கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்திற்குச் செல்ல முடியாது. 1921 ஆம் ஆண்டுச் சட்டம் அத்துண்டு முறையை ஒழித்தது. 1927 ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்சச் சம்பளத்திற்கு வழிவகுத்தது. 1939 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. 1940 இல் பதுளையை அடுத்த வெவெஸ்ஸைத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. இவ்வாறு கடன் என்னும் கட்டு அவிழ்ந்தது. கூரை என்னும் கட்டு அவிழவில்லை.

சுதந்திரத்தின் பின்னர் வேறொரு கதவு மூடப்பட்டது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். குடியுரிமை இல்லாதவருக்கு அரசாங்க உத்தியோகம் ஏது? 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரின் நிலையை ஆராய்ந்தது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதெனவும், எஞ்சியோரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதெனவும் தீர்மானிக்கப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பங்கிடுவதென 1974 இல் இணங்கின. கப்பலேறியவர்களோடு பல குடும்பங்களும் பிரிந்தன. நாடற்ற நிலையை முற்றாகத் தீர்க்கும் சட்டம் 2003 இலேதான் நிறைவேறியது.

இதனிடையே தோட்டங்களின் உடைமையும் மாறியது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசின் வசமாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதிற் குறைந்த சம்பளம் என்னும் அநீதி 1984 இல் நீங்கியது. 1977 இன் பின்னர் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கிற்று. இவை அனைத்திலும் தலைமுறையை மாற்றிய நிகழ்ச்சி இப்பாடசாலைப் பொறுப்பேற்பே எனலாம்.

ஏனெனில், பாடசாலை சீர்பட்ட பின்னரே தொழில்களின் பட்டியல் நீண்டது. தோட்டத்துப் பிள்ளைகள் ஆசிரியராயினர். பத்தனை ஸ்ரீபாதக் கல்வியியற் கல்லூரி அவர்களிற் பலரைப் பயிற்றியது. தாதியரும் எழுதுவினைஞரும் தோன்றினர். 2005 இற் பதுளையில் ஊவா வெல்லச பல்கலைக்கழகம் எழுந்தது. தேயிலைத் தொழினுட்பம் அங்கே பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. ஒரு காலத்திற் கொழுந்தை நிறுக்க மட்டுமே அறிந்த மலையிற் கொழுந்தை ஆராயவும் இடம் உண்டாயிற்று.

எனினும் கல்வியின் இடைவழியில் நின்றுவிடுவோர் பலர். அவர்களுக்குக் கொழும்பின் கடைகளும் உணவகங்களும், கட்டடவேலையும், ஆடைத் தொழிற்சாலைகளும், பெண்களுக்கு மேற்காசிய நாடுகளின் வீட்டுவேலையுமே கைக்கெட்டுவன. வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளின் மரக்கறித் தோட்டங்களும் சிலருக்கு வேலை தருகின்றன. இவற்றிற் பல நிலையற்ற தொழில்கள். ஆயினும் இளைஞர் அவற்றையே நாடுகின்றனர். நாட்சம்பளம் 1000 ரூபாவாக 2021 இலும், 1350 ரூபாவாக 2024 இலும் உயர்த்தப்பட்டது. அவ்வுயர்வும் அவர்களைத் திருப்பவில்லை. சம்பளத்தின் சிறுமை மட்டுமன்று, மதிப்பின் சிறுமையும் இதற்குக் காரணமாகும்.

இங்கே சிந்திக்கத்தக்க ஓர் உண்மை உண்டு. இலங்கைத் தேயிலையில் ஏறத்தாழ 100க்கு 70 பங்கை இன்று விளைவிப்போர் சிறுநிலவுடைமையாளர்களே. அவர்கள் பெரும்பாலும் காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களில், தம் சொந்தக் காணியிற் பயிர் செய்வோர். ஆதலால் தேயிலைத் தொழில் அழிகின்றது என்பது முழு உண்மையன்று. காணியுடையவரின் கையில் அது வளர்ந்திருக்கிறது. காணியற்றவரின் கையிலேதான் தேய்ந்திருக்கிறது. ஐந்து தலைமுறையாகத் தேயிலையை அறிந்தவர்களுக்கு ஒரு தேயிலைச் செடியேனும் சொந்தமில்லை என்பதே ஊவாவின் முரண்பாடு.

காணியின்மை உயிரையும் பறிக்கும். 2014 ஒக்டோபர் 29 இற் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அபாயம் பற்றி முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஆனால் வேலையை விட்டால் வீடில்லை, வீட்டை விட்டால் இடமில்லை என்றிருப்போர் எச்சரிக்கையைக் கேட்டு எங்கே செல்வர்? 2015 முதல் தனிவீட்டிற்கென 7 பேர்ச் காணி வழங்கும் திட்டம் இம்முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியுள்ளது. அது வீட்டிற்குப் போதும், பிழைப்பிற்குப் போதாது.

இவ்வரலாற்றிலிருந்து எதிர்காலம் பற்றி ஒன்று தெளிவாகும். பயிர் மாறியபோதும் முதலாளி மாறியபோதும் தொழிலாளியின் நிலை மாறவில்லை. குடியுரிமை கிடைத்தபோதும் பாடசாலை திறந்தபோதுமே அது மாறியது. மூன்றாவது திறவுகோலாகிய காணி இன்னும் அவர் கைக்கு முழுமையாக வரவில்லை. அது வருமாயின், பேருந்துக்குக் காத்திருக்கும் மகன் மலையைத் திரும்பிப் பார்க்கவும் கூடும். அதன்பின் அவன் செல்வதாயினும் இருப்பதாயினும், அது வீட்டை இழக்கும் அச்சத்தினால் ஆவதன்று. தன் விருப்பத்தினால் ஆவதாகும்.