ஈரம் குடித்த பிரேக் ஆயில்: பந்தயத் தடத்துக்குப் போகும் மலைநாட்டுக் காரின் திரவத் தேர்வு

மலையூரான வண்டிப்பெரியாரில் பந்தயத் தடம் கிடையாது. தன் காரைத் தடத்தில் ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர் குமுளி மலைச்சாலையில் லோயர் கேம்ப்புக்கு இறங்கி, கம்பம், தேனி வழியாகக் கோவைக்குப் போக வேண்டும். அங்கே செட்டிப்பாளையத்தில், எஸ். கரிவரதன் பெயரைத் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. இன்னும் தொலைவு போகத் துணிந்தால், சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடம். பந்தயத்துக்கென்றே கட்டிய கார் என்றால் லாரியில் ஏறிப் போகும். இக்கட்டுரை பேசுவது வார நாளில் தேயிலைத் தோட்டச் சாலையிலும் ஞாயிற்றுக்கிழமை தடத்திலும் ஓடி, இரவில் மறுபடி மலையேறி வீடு திரும்பும் காரைப் பற்றி. அதற்கு எந்த எண்ணெய் நல்லது என்ற பேச்சு எடுத்த எடுப்பில் என்ஜின் ஆயிலின் பிராண்டில் போய் நிற்கிறது. முதலில் பேச வேண்டியது பிரேக் ஆயிலைப் பற்றி. அதிலும் அதன் தரக்குறியைவிட அதன் வயதைப் பற்றி என்பதே என் வாதம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1,200 கிலோ எடையுள்ள கார் 100 மீட்டர் உயரம் இறங்கும்போது ஏறத்தாழ 1.18 மெகாஜூல் ஆற்றலை எங்காவது கரைத்தாக வேண்டும். பதினைந்துக்கு ஒன்று என்ற சரிவில் அது ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம். மணிக்கு 30 கிலோமீட்டரில் இறங்கினால் மூன்று நிமிடம் ஆகும், சராசரி 6.5 கிலோவாட். அதிலும் ஒரு பங்கை, கியரில் இறக்கத் தெரிந்த ஓட்டுநர் என்ஜினிடமே விட்டுவிடுவார். அதே கார் தடத்தில் 140இலிருந்து 60க்கு நான்கே வினாடியில் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். கரைய வேண்டியது 0.74 மெகாஜூல்தான், ஆனால் கரையும் வேகம் 185 கிலோவாட். மலையிறக்கத்தைப் போல இருபத்தெட்டு மடங்கு. ஒன்றரை நிமிடச் சுற்றில் இப்படி ஐந்து முறை மிதித்தால், சுற்று முழுவதற்குமான சராசரியே 41 கிலோவாட். ‘குமுளி இறக்கத்தில் ஒருநாளும் கைவிடாத பிரேக்’ என்ற நம்பிக்கை தடத்தில் ஏன் செல்லாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்தச் சூடு டிஸ்க், பேட், காலிப்பர் வழியாகப் பிரேக் ஆயிலுக்கு வருகிறது. ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும். குமிழ் அமுங்கும், திரவம் அமுங்காது. பெடல் அடிக்குப் போய்விடும். டாட் 3 வகைக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய நிலையில் 140. டாட் 4க்கு 230, 155. டாட் 5.1க்கு 260, 180. ஈரம் ஏறிய நிலை என்பது ஏறக்குறைய 3.7 சதவீதம் நீர் கலந்த நிலை. இந்த எண்களைக் குறுக்காகப் படித்தால்தான் விஷயம் புரியும்: இந்தக் குறைந்தபட்ச அளவுகளின்படி, நேற்று ஊற்றிய டாட் 3, ஈரம் குடித்த டாட் 4ஐவிட 50 டிகிரி அதிகம் தாங்கும். கிளைக்கால் அடிப்படையிலான இந்த ஆயில்கள் தம் இயல்பிலேயே நீரை இழுப்பவை. ரப்பர் ஹோஸ் வழியாகவும் டப்பா மூடியின் காற்றுத்துளை வழியாகவும் ஈரம் உள்ளே போகும். தென்மேற்குப் பருவம் முழுவதும் மழையிலும் மூடுபனியிலும் ஊறும் பெரியாற்றுக் கரையில், இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்ற வழக்கமான ஆலோசனையைத் தடத்துக்குப் போகிறவர் அப்படியே ஏற்கக் கூடாது. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, தடத்துக்குப் போகும் வாரத்தில் இன்னொரு முறை பழையதை வெளியேற்றிப் புதிதை ஊற்றி ஏர் எடுக்க வேண்டும். வாங்குவது சிறிய புட்டியாக இருக்கட்டும். சீல் உடைத்த பெரிய புட்டியை அடுத்த தடவைக்கென்று பட்டறை அலமாரியில் எடுத்து வைப்பது வீண் சிக்கனம். டாட் 5 என்பது சிலிகோன்; பெயர் ஒத்திருந்தாலும் 5.1க்கும் அதற்கும் உறவில்லை, கலக்கவே கூடாது.

என்ஜின் ஆயிலுக்கு வருவோம். 5டபிள்யூ-40 என்பதில் முன்னால் உள்ள எண் குளிர்நிலைக்கானது. 15டபிள்யூ வகையின் குளிர்ச் சோதனையே மைனஸ் 20 டிகிரியில்தான் நடக்கிறது. வண்டிப்பெரியாரின் மார்கழி விடியலுக்கு அந்தக் கவலை இல்லை. முன்னெண்ணுக்கும் பின்னெண்ணுக்கும் இடைவெளி கூடக்கூட, பொதுவாக அதை எட்ட அதிகப் பாலிமர் சேர்க்க வேண்டியிருக்கும்; அந்தப் பாலிமர் தடத்தின் சூட்டிலும் அழுத்தத்திலும் அறுபடும். தயாரிப்பாளர் அனுமதித்தால், அதைவிட இடைவெளி குறுகிய 10டபிள்யூ-40 நமக்குப் போதும். இந்த எண்களைவிட முக்கியமானது, 150 டிகிரியில் கடும் உராய்வின்போது ஆயில் காட்டும் பிசுக்குமை. 20 தர ஆயிலுக்கு அது குறைந்தது 2.6, 30க்கு 2.9, 10டபிள்யூ-40க்கு 3.5 மில்லிபாஸ்கல்-வினாடி. எரிபொருள் மிச்சத்துக்காக 20 தரத்தை ஊற்றச் சொல்லும் புதுக் கார்கள் தடத்தில் பேரிங்குக்கு விட்டுவைக்கும் பாதுகாப்பு குறைவுதான்.

அதற்காக, கெட்டியானதெல்லாம் நல்லது என்று 20டபிள்யூ-50ஐக் கண்ணை மூடி ஊற்றும் பழைய பட்டறை வழக்கத்தோடும் எனக்கு உடன்பாடில்லை. வால்வு நேரத்தை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் என்ஜின்கள் தாம் எதிர்பார்க்கும் பிசுக்குமையை வைத்தே வேலை செய்கின்றன. கையேட்டிலேயே ஒரே என்ஜினுக்கு இரண்டு மூன்று தரங்கள் சொல்லப்பட்டிருந்தால் அவற்றுள் மேலானதை எடுப்பது நியாயம். அதைத் தாண்டுவது ஊகம். இவை எல்லாவற்றையும்விட அளவு முக்கியம். நீண்ட வளைவில் ஆயில் சம்பின் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்பு காற்றை உறிஞ்சும். டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தொட்டு நிற்கட்டும்; தாண்டினால் கிராங்க் அடித்து நுரைக்கும். ஆயிலை மாற்றும் நேரத்துக்குப் பழைய பந்தய என்ஜின்கள் ஒரு பாடம்; அவை ஆமணக்கெண்ணெய் ஊற்றி ஓடின. சூட்டிலும் படலம் விடாத அந்த எண்ணெய் பிசினாக உறைந்துபோவதால், ஓட்டம் முடிந்ததும் வடித்து விடுவார்கள். அந்தப் பழக்கம் நமக்கும் உகந்ததே.

கூலன்ட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாதிக்குப் பாதி கிளைக்கால் கலவையைவிட வெறும் நீர் ஒரு கிலோவுக்கு அதிகச் சூட்டைச் சுமக்கும். நமக்கு உறைபனிப் பயமும் இல்லை. கிளைக்கால் சிந்தினால் தடம் வழுக்கும் என்பதால் பல தடங்கள் அதைத் தடுக்கின்றன. காய்ச்சி வடித்த நீரும் துருத்தடுப்பானும் நல்ல ரேடியேட்டர் மூடியும் போதும். மலைச்சாலையில் ஓடைத் தண்ணீர் ஊற்றும் வழக்கம் அவசரத்துக்கு மட்டுமே. கியர் ஆயிலில் ஜிஎல்-5 என்பது ஜிஎல்-4இன் மேம்பட்ட வடிவம் அல்ல. அதிலுள்ள கூடுதல் கந்தக-பாஸ்பரஸ் சேர்க்கை டிஃபரன்ஷியலின் கிரவுன் வீலுக்கு ஏற்றது. பித்தளை சின்க்ரோ வளையங்களை அது அரிக்கக் கூடும்.

திரும்பி வரும் வழியை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டாமல் நேரே வந்து நின்றால், காற்று படாத காலிப்பரின் சூடு ஆயிலுக்குள் இறங்கி, நின்ற இடத்திலேயே அதைக் கொதிக்க வைக்கும். ஆறியதும் ஆவி பெரும்பாலும் மறுபடி திரவமாகிவிடும்; பெடல் இறுகியதாகத் தோன்றும். ஓட்டுநர் நிம்மதியாகத் தேனி வந்து, லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறுவார். ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலை இல்லை, குறையும் தெரியாது. ஆனால் ஆயிலில் ஏறிய ஈரம் அப்படியேதான் இருக்கிறது. மறுநாள் அதே கார் குட்டிக்கானம் தாண்டி முண்டக்கயத்துக்கு இறங்கும், வீட்டாரை ஏற்றிக்கொண்டு. ஆகவே பிரேக் ஆயிலை மறுபடி மாற்ற வேண்டிய இடம் தடத்தின் வாசல்தான்; கோவையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே.