மீன்தொட்டி நைட்ரஜன் சுழற்சி

மீன்தொட்டி நைட்ரஜன் சுழற்சி: வளர்ப்புத் தொட்டி நீரில் சேரும் அம்மோனியாவை நுண்ணுயிரிகள் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் உயிர்வேதி நிகழ்வு. மீன்களின் கழிவும் உண்ணாமல் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவின் மூலங்கள். நீரின் காரத்தன்மையும் வெப்பமும் உயர உயர அதன் நச்சு கூடும். நைட்ரைட், இரத்தம் ஆக்சிஜனை ஏந்தும் திறனைக் குலைக்கிறது. பாதிக்கப்பட்ட மீனின் செவுள் பழுப்பேறும், மீன் நீர்ப்பரப்புக்கு வந்து வாய்பிளந்து திணறும். நைட்ரேட்டின் தீங்கு ஒப்பளவில் குறைவு. பகுதி நீர்மாற்றத்தாலும் நீர்த்தாவரங்களாலும் அது தணிகிறது.

அம்மோனியா நைட்ரைட்டாவது, நைட்ரைட் நைட்ரேட்டாவது ஆகிய இவ்விரு கட்டங்களும் வெவ்வேறு பாக்டீரியாக்களின் செயல் என்பதை 1890 வாக்கில் நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி நிறுவினார். இரண்டாம் கட்டம் நைட்ரோபாக்டர் என்னும் பாக்டீரியாவுடையது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்பது 1998இல் தெரியவந்தது. பழைய கையேடுகளை இவ்விடத்தில் நம்புவதற்கில்லை. இரு கட்டங்களையும் தனித்தே முடிக்கும் நைட்ரோஸ்பைரா இனங்கள் 2015இல் அறியப்பட்டன.

புதுத் தொட்டியில் சுழற்சி நிலைபெற வழக்கமாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். நன்கு இயங்கும் தொட்டியின் வடிகட்டிப் பஞ்சை இட்டால் காலம் சுருங்கும். அப்பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்நீரில் அலசினால் பாக்டீரியா மடியும்; தொட்டியிலிருந்து எடுத்த நீரில் அலசுவதே முறை. சோதனையில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியமாகி நைட்ரேட் தென்பட்ட பின்னரே மீன்கள் விடப்படுகின்றன.