பழைய அட்வெஞ்சர் பைக்கும் சில தேதிகளும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா மகன் நொய்டாவிலிருந்து போன் செய்தான்.

"மாமா, 2017 மாடல் ஹிமாலயன் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். பதினோராயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. அட்வான்ஸ் குடுத்துடட்டுமா? ஜூன்ல லே போறோம்."

"குடுத்துடாதேடா, நான் வர்றேன்" என்றேன். தங்கமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "2009 ஞாபகம் இருக்குல்ல?" என்றார். இருந்தது. அதனால்தான் கிளம்பினேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2009ல் நான் தில்லிக்கு வந்த புதிது. 28,000 ரூபாய்க்கு ஒரு பழைய வண்டி வாங்கினேன். ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர்கள் பெயர் இருந்தது. "கடன் முடிஞ்சாச்சு, பேப்பர் அடுத்த வாரம் வந்துடும்" என்றார் விற்றவர். நம்பினேன். நாலு மாதம் கழித்து ஒரு காலையில் இரண்டு பேர் வந்து வீட்டு வாசலிலிருந்தே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாக்கித் தவணையாம். அந்தப் பணம் ஊரில் அப்பாவின் கண் ஆபரேஷனுக்காகச் சேர்த்து வைத்தது. ஆபரேஷன் ஒரு வருடம் தள்ளிப்போனது. காரணத்தை அப்பாவிடம் நான் கடைசிவரை சொல்லவே இல்லை.

ஊரில் என்றால் டீக்கடையில் விசாரித்தாலே போதும். "அந்த வண்டியா? பாலத்துல மோதினதாச்சே" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். மெக்கானிக்குக்கு வண்டியின் ஜாதகமே தெரியும். நம்மைப் போல வெளியூரில் பிழைக்கிறவர்களுக்கு அந்த சாட்சி கிடையாது. பேப்பரிலும் வண்டியிலும் பதிந்திருக்கும் தேதிகள்தான் சாட்சி. அதைப் படிக்க இந்த வகை வண்டியின் சரித்திரம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

அட்வெஞ்சர் பைக் என்று உலகம் இன்று சொல்வதற்குப் பிள்ளையார் சுழி போட்டது 1980ல் பி.எம்.டபிள்யூ. கொண்டுவந்த ஆர் 80 ஜி/எஸ். தார் ரோட்டிலும் ஓட வேண்டும், மண் பாதையிலும் ஓட வேண்டும் என்பதுதான் யோசனை. 1981ல் பாரிஸ்-டக்கார் பந்தயத்தில் ஹூபர்ட் ஓரியோல் இந்த வண்டியில் ஜெயித்தார்.

நம் நாட்டுக் கதை வேறு. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. 1960ல் எல்லைச் சாலைகள் அமைப்பு உருவாகி மலைகளில் ரோடு போட்டது. 1974ல் லடாக் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. பிறகு பல வருடங்கள் அட்வெஞ்சர் பைக் என்றால் நமக்கு புல்லட்தான்! 2011ல் ஹீரோ இம்பல்ஸ் வந்து, அதிகம் விற்காமல் போனது. 2016 மார்ச்சில் 411 சிசி ஹிமாலயன் வந்த பிறகுதான் சாமானியனுக்குக் கட்டுப்படியாகும் விலையில் இந்த வகை நிலைத்தது. 2018ல் ஓசூரில் தயாரான பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஜி.எஸ்., 2019ல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, 2020ல் கே.டி.எம். 390 அட்வெஞ்சர் என்று வரிசையாக வந்தன. இன்று பழைய வண்டிச் சந்தையில் இருப்பவை பெரும்பாலும் இவைதான்.

இனி தேதிகள்.

2017 ஏப்ரல் 1. பி.எஸ்.3 வண்டிகளை இந்தத் தேதியிலிருந்து விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் மார்ச் 29 அன்று சொன்னது. கையிருப்பைத் தள்ளிவிட இரண்டு நாள் தள்ளுபடித் திருவிழாவே நடந்தது. ஆகவே 2017 மாடல் என்றால் எந்த மாதம் தயாரானது என்று ஆர்.சி.யில் பாருங்கள். ஆரம்ப கால ஹிமாலயன் கார்புரேட்டர் வண்டி. காற்று மெலிந்த உயரத்தில் கார்புரேட்டர் மூச்சு வாங்கும். பிறகு வந்த ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் அதைத் தானே சரிசெய்துகொள்ளும்.

2018 செப்டம்பர் 1. புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயமானது. அந்த ஐந்து வருடம் எப்போது முடிந்தது, பிறகு புதுப்பித்தார்களா என்று கேளுங்கள்.

2019 ஏப்ரல் 1. 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிக்கும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமானது. மலை இறக்கத்தில் இது உயிர் சமாச்சாரம்.

2020 ஏப்ரல் 1. பி.எஸ்.6 வந்தது. ஹிமாலயனில் பின்சக்கர ஏ.பி.எஸ்.ஸை மண் பாதையில் அணைத்து வைக்கும் வசதியும் அந்த வருட மாடலில்தான் வந்தது. 2023 நவம்பரில் 450 வந்தது, 411 நின்றது.

தேதி தெரிந்தாயிற்று, இனி வண்டி. முதல் நாளே சொல்லிவிடுங்கள், நாம் வரும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று. போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். அடியில் இருக்கும் தகட்டைக் குனிந்து பாருங்கள், கல்லில் அடிபட்ட பள்ளம் அங்கேதான் தெரியும். முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள், நடுவில் தட்டி நின்றால் கோன் செட் போயிருக்கிறது. ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கசிவு, தளர்ந்த ஸ்போக்ஸ், சட்டத்தில் புது வெல்டிங், அதை மறைக்கும் புதுப் பெயின்ட், எல்லாம் பாருங்கள். இன்ஜின் ஆயில் மோர் மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆற்றைக் கடக்கும்போது குடித்திருக்கலாம்.

நாங்கள் பார்த்த வண்டி பளபளவென்றுதான் இருந்தது. குனிந்து பார்த்தால் கார்புரேட்டர். விற்றவர் இன்ஜெக்‌ஷன் என்று சொல்லியிருந்தார். டயரின் பக்கவாட்டில் 3421 என்ற எண். அதாவது 2021ன் 34வது வாரம் தயாரானது. பழசானதால் மாற்றியிருக்கலாம், சரி. ஆனால் செயின் ஸ்பிராக்கெட் பற்கள் கொக்கி மாதிரி வளைந்திருந்தன. பதினோராயிரத்துக்கு இது அதிகம். சர்வீஸ் பில்லைக் கேட்டேன். தயங்கித் தயங்கி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். 2020 தேதியிட்ட பில்லில் 38,000 கிலோமீட்டர்!

கடைசியாக போனில் அரசின் பரிவாகன் பக்கத்தில் வண்டி எண்ணைப் போட்டோம். கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் அப்படியே இருந்தது. "பேப்பர் அடுத்த வாரம் வந்துடும்" என்றார் விற்றவர். இந்தியில்தான் சொன்னார். ஆனால் எனக்கு 2009ல் கேட்ட அதே குரல். அடிவயிறு கலங்கியது. "வாடா போலாம்" என்றேன்.

ஆகவே கடன் இருந்த வண்டி என்றால் நிறுவனம் தந்த என்.ஓ.சி.யும் கையெழுத்திட்ட படிவம் 35ம் கையில் வரும்வரை பணம் வேண்டாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேற்று மாநில வண்டி என்றால் பதிவு செய்த ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி.யும் வேண்டும், இங்கே சாலை வரி எவ்வளவு என்றும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அபராத பாக்கியையும் பாருங்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள்.

மூன்று வாரம் கழித்து அலுவலக நண்பரிடமே 2020 வண்டி ஒன்று அவனுக்குக் கிடைத்தது. ஆர்.சி. தன் பெயருக்கு மாறிய பிறகுதான் கடைசி பத்தாயிரத்தைக் கொடுத்தான். சமர்த்து.

வண்டி வாங்கியதை அக்காவிடம் சொல்லிவிட்டானாம். லே போவதை மட்டும் இன்னும் சொல்லவில்லை. அதை மாமாதான் சொல்ல வேண்டுமாம் :-)