மூன்றாவது முனை

முக்கொம்பில் நின்று தண்ணீரைப் பார்க்கிறவர்கள் அதன் அழகைத்தான் பார்க்கிறார்கள். அந்தத் தண்ணீர் வழியிலேயே ஒரு வேலையை முடித்துவிட்டு வந்திருக்கிறது என்பது அநேகருக்கு நினைவு வருவதில்லை. மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. அங்கே மின்சாரம் 1937இல் பிறந்தது. சக்கரத்தைச் சுற்றிக் கொடுத்துவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளைபோல் இங்கே வந்து இரண்டாகப் பிரிகிறது ஆறு. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவேரி, நடுவில் ஸ்ரீரங்கம்.

பிரிகிற இடத்தில் ஒரு பழைய தகராறு உண்டு. கொள்ளிடம் பள்ளம், காவேரி மேடு. கேட்பாரற்று விட்டால் தண்ணீரெல்லாம் பள்ளத்துக்குத்தானே போகும்? தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. ஆர்தர் காட்டன் என்ற ராணுவ எஞ்சினீயர் 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்ட ஆரம்பித்தார். காரியம் பலித்தது, அளவுக்கு மீறியே பலித்தது! இப்போது காவேரிக்குள் தண்ணீர் அதிகமாகப் பாய்ந்து படுகையை அரித்தது. 1840களில் காவேரியின் வாயிலும் ஒரு தடுப்புப் போட வேண்டியதாயிற்று. சமமில்லாத இரண்டைச் சேர்க்கப் போனவருக்கு, இந்தப் பக்கத்தின் பலம் அந்தப் பக்கத்தைத் தாக்கும் என்பது கட்டிய பிறகுதான் புலப்பட்டது. அந்த அணையே 2018 ஆகஸ்டு வெள்ளத்தில், கொள்ளிடத்துப் பக்கம் சில மதகுகளைப் பறிகொடுத்தது.

காட்டனுக்கு நேர்ந்த இந்தச் சங்கடம், உள்ளங்கையில் அடங்கும் அளவில், கடையில் நாம் வாங்கும் ஒவ்வோர் அடாப்டருக்குள்ளும் இருக்கிறது. அடாப்டர் என்பது ஒரு கல்யாணத் தரகர். ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டைப் பொருந்தச் செய்வது அதன் தொழில். நல்ல தரகர் இரு வீட்டார் குறையையும் சொல்லிவிட்டுத்தான் ஜாதகத்தை எடுப்பார். மோசமான தரகருக்கு மாலை மாற்றும் வரைதான் கவலை.

இந்தத் தரகுக்குத் திருச்சியைப்போல் தோதான ஊர் கிடைப்பது அரிது. ரயில் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து 1860களில் அகலப் பாதையாக வந்தது, 1870களில் அதைப் பெயர்த்து மீட்டர் பாதையாக்கினார்கள், நூறு வருஷத்துக்குமேல் ஓட்டிவிட்டு மறுபடியும் அகலமாக்கினார்கள். அதே நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே தொழிற்சாலை 1920களின் கடைசியில் பொன்மலைக்கு வந்தது. கூடவே அங்குலமும் வந்தது. அங்குலத்தை எட்டாக வகுத்து அதற்கு ‘நூல்’ என்று பெயர் சூட்டினார்கள் நம் பிட்டர்கள். அரை அங்குல போல்ட் என்பது நாலு நூல் போல்ட். என்ன அழகான சொல்! அந்த போல்ட்டின் மரை, 1841இல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் வகுத்த மரை. கோணம் 55 டிகிரி. அரை அங்குல போல்ட்டில் அங்குலத்துக்குப் பன்னிரண்டு சுற்று.

1864இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் வேறு கணக்குப் போட்டார். கோணம் 60 டிகிரி, சுற்று பதின்மூன்று. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஒன்றின் நட்டை மற்றதில் போட்டால், ஓரிரு சுற்று சாதுவாக ஏறும், அப்புறம் இறுகிக்கொள்ளும். ‘துருவாக இருக்கும்’ என்று நினைத்து ஸ்பானரில் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். இரண்டாம் உலக யுத்தத்தில் ஒரே பக்கத்தில் நின்று சண்டையிட்ட இரு தேசங்களால் ஒருவர் நட்டை மற்றவர் போல்ட்டில் மாட்ட முடியவில்லை. 1948 நவம்பரில் வாஷிங்டனில் கூடி, கனடாவையும் சேர்த்துக்கொண்டு, ஒரு பொது மரைக்குக் கையெழுத்திட்டார்கள்.

நாம் வேறு வழியில் போனோம். 1956இல் மெட்ரிக் அளவைச் சட்டம், 1957இல் நயா பைசா, அப்புறம் கிலோவும் லிட்டரும். 1965இல் செக்கோஸ்லோவாகியாவின் உதவியோடு திருவெறும்பூர்ப் பக்கம் கொதிகலன் தொழிற்சாலை வந்தபோது, அது மில்லிமீட்டர் பேசிற்று. பொன்மலைக்கும் அதற்கும் பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். பாஷை மட்டும் வேறு.

இரண்டு பாஷைக்கும் ஒரே ஸ்பானர் போதாதா? சில இடத்தில் போதும். முக்கால் அங்குலமும் 19 மில்லிமீட்டரும் ஏறக்குறைய ஒன்றே, தைரியமாக மாட்டலாம். ஆனால் 13 மில்லிமீட்டர் ஸ்பானரை அரை அங்குலத் தலையில் மாட்டினால் ஆட்டம் கொடுக்கும். நாலு தரம் திருகினால் ஆறு மூலையும் மழுங்கி நட்டு உருண்டையாகிவிடும். விட்வொர்த் ஸ்பானரோ இன்னும் விசித்திரம்: அதன்மேல் பொறித்த எண் வாயின் அகலம் அல்ல, போல்ட்டின் கனம். இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. உலகமெங்கும் மில்லிமீட்டர் பாக்ஸ் ஸ்பானர் விற்கிறது. அதன் பின்புறம் கைப்பிடி நுழைகிற சதுரத் துளை மட்டும் இன்றைக்கும் கால், அரை, முக்கால் அங்குலம்தான். மாமியார் வீட்டில் எல்லாம் மாறினாலும் சமையலறை மட்டும் மாறாது அல்லவா?

அந்தச் சதுரத்தில்தான் அடாப்டர் வாங்குகிறவன் நிதானிக்க வேண்டும். அரை அங்குலக் கைப்பிடியில் அடாப்டர் போட்டு முக்கால் அங்குல ஸ்பானரை மாட்டினால், அந்தப் பெரிய நட்டுக்கு வேண்டிய பலத்தைத் தாங்காமல் கைப்பிடியின் முனை முறியும். மாற்றிச் செய்தால், நீளக் கம்பியின் பலம் சிறிய சதுரத்தைத் திருகிப் பிய்த்துவிடும். காற்றிலோ மின்சாரத்திலோ அடித்துத் திருகும் இயந்திரமானால், பளபளக்கும் முலாம் பூசிய சாமான் ஆகவே ஆகாது. அது சில்லாகத் தெறிக்கும். அடி தாங்கவென்றே செய்த கறுப்புச் சாமான்தான் வேண்டும். கிரைண்டரில் அடாப்டர் வைத்துப் பெரிய தட்டை மாட்டுகிற சாமர்த்தியமும் இதே ஜாதி. தண்டில் தட்டு பொருந்திவிடும். சிறிய தட்டுக்கென்று வைத்த வேகத்தைப் பெரிய தட்டு பொறுக்காது.

மேட்டூர் மின்சாரம் வீட்டுக்குள் வந்து செய்ததைச் சொல்லாவிட்டால் கதை பாதிதான். பழைய வீடுகளில் விளக்குக்கு மட்டுமே இணைப்பு. இஸ்திரிப் பெட்டி வாங்கியவர்கள் பல்பைக் கழற்றிவிட்டு, ஹோல்டரில் ஓர் அடாப்டரைச் செருகினார்கள். இரண்டே கம்பி, எர்த் கிடையாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் பெண்ணின் உயிர், பெட்டிக்குள் இருக்கும் ஓர் அபிரகத் தகட்டை நம்பியிருந்தது.

மூன்று வட்ட முனை கொண்ட நம் பிளக் ஆங்கிலேயரின் 1934ஆம் வருஷத்து ஏற்பாடு. அதில் மூன்றாவது முனை நீளமாகவும் தடியாகவும் இருப்பது அலங்காரத்துக்கு அல்ல. மின்சாரம் வருமுன் அது முதலில் தொட வேண்டும், கழற்றும்போது கடைசியில் விட வேண்டும். 1947இல் நம்மைவிட்டுப் போன ஆங்கிலேயர், அதே வருஷத்தில் தம் ஊரிலும் இந்த வட்ட முனைக்குப் பதிலாகச் சதுர முனைப் பிளக்கைத் தரமாக்கினார்கள். சிங்கப்பூரும் மலேயாவும் அதன் பின்னே போயின. நாம் வட்ட முனையை விடவில்லை. எண் மட்டும் 5, 15 ஆம்பியர் என்பது 6, 16 என்று ஆயிற்று. ஆகையால்தான் சிங்கப்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் இறங்குகிறவரின் பெட்டியில், சதுர முனையோடு ஒரு டிரில்லிங் மிஷினோ சாதக் குக்கரோ உட்கார்ந்திருக்கிறது.

அவருக்கு அடாப்டர் வேண்டியதுதான். வோல்ட் இரண்டு ஊரிலும் ஏறத்தாழ ஒன்றே, கவலையில்லை. அமெரிக்காவிலிருந்து வருகிற 120 வோல்ட் சாமானுக்கோ அடாப்டர் உதவாது, டிரான்ஸ்பார்மர் வேண்டும். அடாப்டர் முனையை மாற்றுமே தவிர மின்சாரத்தை மாற்றாது. 2000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதன் பெரிய பிளக்கை 6 ஆம்பியர் துளைக்கு இறக்கிக் கொடுக்கும் அடாப்டர் ஒன்று கடையில் சல்லிசாகக் கிடைக்கிறது. அது முதலில் மெல்லச் சுடும், பிறகு கருகும். ஐரோப்பிய மிஷினின் இரண்டு உருண்டை முனைகளும் நம் துளையில் தாமாகவே நுழையும், ஆனால் எர்த் தொடாது. மிஷின்மேல் சதுரத்துக்குள் சதுரம் போட்ட முத்திரை இருந்தால் அதற்கு எர்த் வேண்டியதில்லை. இல்லாவிட்டால் வேண்டும்.

விலை குறைந்த சில அடாப்டர்களில் மூன்றாவது துளை இருக்கும், அதற்குப் பின்னால் பித்தளை இருக்காது. மூன்று முனைச் சாமானுக்கு வாங்குகிறவர்கள் கடையில் நின்றபடியே, மீட்டரின் ஒரு முனையை அந்தத் துளையிலும் மற்றதை அடாப்டரின் நீள முனையிலும் வைத்துக் காட்டச் சொல்லலாம். எலக்டிரிக் கடைக்காரரிடம் மீட்டர் இருக்கும். முள் அசையாவிட்டால் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.